எடப்பக்கம் ஒடிச்சா மட்டும்

சித்தெ இருங்க. ஹாரனை மட்டும் அமுத்தாதீங்க. கைய எடுத்துருங்க. கோவிச்சுக்காதீங்க, வண்டி பாக்க வந்தவரு ஹாரன் அடிச்சுப் பாக்கறது ஞாயந்தான். லைட்டு போட்டுப் பாருங்க, வைப்பர் போட்டுப் பாருங்க, இண்டிகேட்டரை ரெண்டு பக்கமும் போட்டுப் பாருங்க. ஹாரனுக்கு மட்டும் ஒரு கதை இருக்குது. அதைச் சொல்லாம உங்க கையில வண்டியக் குடுத்தா அது தப்பு. இந்த நாச்சிமுத்து கரண்ட் ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டேர்டு ஆனவன். உள்ளதை மறைச்சுப் பழக்கமில்ல.

தொண்ணூத்தெட்டாம் வருச வண்டிங்க. ஒரே கை, என்ற கை. இஞ்சின்ல ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது. ஏசி கெடையாது, கண்ணாடிய எறக்குனா உடுமலைக் காத்து வரும், அது போதும். கோளாறு ஒன்னே ஒன்னுதான் இருந்துது. இருந்துதுன்னுதான் சொல்றேன், இருக்குதுன்னு சொல்லல. ஸ்டேரிங்கை எடப்பக்கம் முழுசா ஒடிச்சா ஹாரன் தானா அடிக்கும். யாரும் தொடவேண்டியதில்ல. எப்பவும் அடிக்குமான்னா, அதுவும் இல்லீங்க. எப்பவும் அடிச்சாத்தான் ஒரே நாள்ல கண்டுபுடிச்சிரலாமே. கரண்டுலயே மோசமான கோளாறு வந்து வந்து போற கோளாறுதான். செத்த லைனை நான் நடந்து போயே கண்டுபுடிச்சிருவேன். உட்டு உட்டு வர்ற லைன் மனுசனைச் சாகடிச்சிரும்.

சந்தைக்குப் போவேன், எடப்பக்கம் ஒடிப்பேன், அடிக்காது. பெட்ரோல் பங்குல ஒடிப்பேன், அடிக்காது. பழனி ரோட்டுல எத்தனை திருப்பம் இருக்குது, ஒன்னுலயும் அடிக்காது. எங்க சந்துக்குள்ள திரும்பும்போது மட்டும் அடிக்கும். அதுலயும் மொதல் ஊட்டுக் கேட்டு முன்னால மட்டும் அடிக்கும். நீங்க வரும்போது பாத்திருப்பீங்களே, மொனையில பச்சைக் கேட்டு போட்ட மாடி ஊடு. கேட்டு முன்னால சிமெண்டுச் சரிவு ஒன்னு ரோட்டுல பாதிய அடைச்சுட்டு இருக்குதே, அந்த ஊடுதான்.

அது என்ற தம்பி ஊடு. திருமூர்த்தின்னு பேரு. எனக்கும் அவனுக்கும் ஆறு வருசமாப் பேச்சு இல்ல.

இப்ப என்ற நெலமை புரியுதுங்களா? இது முட்டுச் சந்து. உள்ள வர்றதுக்கு வேற வழி கெடையாது. ஊடு வந்து சேரோணும்னா அவன் கேட்டு முன்னால எடப்பக்கம் ஒடிச்சுத்தான் ஆகோணும். ஒடிச்சா ஹாரன் அடிக்கும். பேச்சில்லாத தம்பி ஊட்டு முன்னால நான் தெனம் சாயங்காலம் பொழுதோட வந்து ஹாரன் அடிச்சுக் கூப்புடறேன்னு ஊர் பேசாதுங்களா?

சொத்துத் தகராறான்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சொத்தெல்லாம் எங்கப்பன் உசுரோட இருக்கும்போதே கயிறு புடிச்சு அளந்து குடுத்துட்டாரு. அதுல ஒரு பேச்சும் இல்ல. இது மரியாதைத் தகராறு.

அந்த மாடி ஊடு கட்டி அவன் புதுமனை வெச்சான். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, எங்கூட்டுக்காரி மயிலாத்தா தட்டத்துல பழம் வெத்தலை எல்லாம் எடுத்துக்கிட்டு, நடந்து போனோம். கேட்டுகிட்ட அவன் நின்னு வர்ற ஒறம்பரைய எல்லாம் கும்புட்டு வாங்க வாங்கன்னு கூப்புட்டுட்டு இருக்கறான். எனக்கு முன்னால ஒரு பேங்க் மேனேஜர் போனாரு. அவருக்குப் பின்னாலயே நான். திருமூர்த்தி கையெடுத்துக் கும்புட்டான். “வாங்க”ன்னான். ஒரே ஒரு வாங்க. மேனேஜர் உள்ள போயிட்டாரு. நான் நின்னேன். இன்னொரு வாங்க வருமுன்னு நின்னேன். வரல. எனக்குப் பின்னால வந்தவரைப் பாத்து “வாங்க மாமா”ங்கறான்.

நீங்களே சொல்லுங்க, அந்த வாங்க யாருக்கு? மேனேஜருக்கு. அவருதான் முன்னால போனவரு. எனக்குன்னா அவன் “வாங்ணா”ன்னு சொல்லுவான். பேச்சு வந்த நாள்லருந்து அப்படித்தான் சொல்லியிருக்கறான். வெறும் வாங்க எனக்கில்ல. அப்படியே திரும்புனேன். பாயசம் மணக்குது, பந்தி போட்டுட்டு இருக்கறாங்க, நான் ஊட்டுக்கு வந்து மோர்ச்சோறு தின்னேன். எனக்கு அன்னைக்கு நெம்ப வெசனமாப் போச்சு.

அவன் என்ன சொல்றான்னா, எங்கிட்டச் சொல்லல, ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியறான், அந்த வாங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சொன்னதாம். எப்படி இருக்குது பாருங்க. ஒரு மீட்டர்ல ரெண்டு ஊட்டுக்குக் கரண்டு இழுத்த மாதிரி. எங்க டிப்பார்ட்மெண்டுல அப்படிப் பண்ணுனா மெமோ வரும். அதுவுமில்லாம, “சொந்த அண்ணனைத் தனியா வேற கூப்புடோணுமா, அது அவரு ஊடு இல்லையா”ன்னு கேட்டானாம். பேச்சு சாமர்த்தியத்துக்கு ஒன்னும் கொறைச்சலில்ல.

ஹாரன் அடிக்க ஆரம்பிச்சது போன ஆடியில. காத்து ஆளைத் தள்ளிட்டு இருக்குது. நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன். மொனையில ஒடிக்கறேன், பீப்புங்குது. திருமூர்த்தி போர்ட்டிகோவுல உக்காந்து பேப்பர் பாத்துட்டு இருந்தவன் தலையத் தூக்கிப் பாத்தான். நான் நேரா ரோட்டைப் பாத்துட்டே வந்துட்டேன். அடிச்சது நானில்லைன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லோணும்னா பேசோணும்.

மறுநாள் அடிக்கல. அதுக்கு மறுநாள் அடிச்சுது. அப்பவும் பாத்தான். ஒரு வாரம் கழிச்சு அடிக்கையில அவன் பொண்டாட்டி சமையக்கட்டுலருந்து வந்து கேட்டுத் தாப்பாள்ல கைய வெச்சுட்டா. வெச்சதுக்கப்பறந்தான் அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும், கைய எடுத்துட்டா. அது பழைய பழக்கமுங்க. அவங்க மக தாரணி சின்னதா இருக்கையில பள்ளிக்கூடத்துலருந்து நாந்தான் கூட்டிட்டு வருவேன். இந்த சீட்டுலதான், என்ற மடியில உக்காந்துக்கும். மொனை திரும்புனதும் “பெரியப்பா நானு, பெரியப்பா நானு”ன்னு ரெண்டு கையயும் ஹாரன் மேல வெச்சு அமுத்தும். சத்தம் கேட்டதும் கேட்டு தொறக்கும். எங்களுக்குக் கொழந்தை இல்ல. ஆனா அதுக்கும் ஹாரனுக்கும் சம்பந்தமில்ல.

அந்தத் தாரணிக்குத்தான் இந்தத் தையில கலியாணம். நாளன்னிக்கு முகூர்த்தக்கால் நடறாங்க. எங்க கூட்டத்து வழக்கப்படி கால் நடும்போது மொதக் கை பெரியப்பன் கைதான். அவன் வந்து கூப்புடாம நான் எப்படிப் போறது? நான் உள்ள வான்னு சொல்லாம அவன் எப்படி இந்த ஊட்டுக்குள்ள வந்து கூப்புடறது? இப்படிக் கெடக்குதுங்க. சரி, அதை உடுங்க, நாம ஹாரனைப் பேசிட்டு இருந்தோம்.

தளி ரோட்டுல ரபீக் பாய்னு ஒருத்தன், கார் ஒயரிங் பாக்கறவன். அவன்கிட்டக் கொண்டு போனேன். அங்க ஒடிச்சா அடிக்கவே இல்ல. பல்லுவலின்னு போயி டாக்டர் வாசல்ல நின்னா வலி நின்னு போயிருமில்ல, அந்த மாதிரி. “அடிக்கலீங்களே இன்ஸ்பெக்டரே”ங்கறான். “இங்க அடிக்காது, எங்க தம்பி ஊட்டு முன்னாலதான் அடிக்கும்”னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். “அதுக்கு நம்மகிட்ட டூல்ஸ் இல்லீங்க”ன்னான்.

ஆனாலும் சும்மா உடல. ரிலே போயிருக்கும்னு ரிலேவ மாத்துனான். போகும்போது அடிக்கல, வரும்போது அடிச்சுது. அப்பறம் ஹாரனே பழசுன்னு சொல்லிப் புதுசு போட்டு உட்டான். பழசு பீப்புன்னு பூனைக்குட்டியாட்டம் இருந்துது. இது லாரிக்குப் போடறது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். அன்னைக்குப் பொழுதோட மொனையில ஒடிச்சேன் பாருங்க, திருமூர்த்தி கையில இருந்த காப்பி அவன் பேப்பர் மேலயே கொட்டிப் போச்சு. எந்திரிச்சே நின்னுட்டான். ரெண்டு எட்டு கேட்டுப் பக்கம் வந்தும் போட்டான். நான் நேரா ரோட்டைப் பாத்துட்டே வந்துட்டேன்.

ஒயரைக் கழட்டி உட்டுரலாமேன்னு நெனைப்பீங்க. மயிலாத்தாளும் அதைத்தான் சொன்னா. ஹாரன் இல்லாம வண்டி ஓட்டறது சட்டப்படி குத்தமுங்க. நான் எங்கயும் ஹாரன் அடிக்கறவனில்ல, அது வேற விசயம். அடிக்கறனோ இல்லியோ, வண்டியில ஒன்னு இருக்கோணும்.

அப்பறம் நானே எறங்கிட்டேன். கரண்டுல நான் பாக்காத கோளாறா? கார் ஹாரன் எப்படின்னா, ஊட்டு லைட்டு மாதிரி கெடையாது. இந்த வண்டியில ஹாரனுக்குக் கரண்டு எப்பவுமே வந்து நின்னுட்டே இருக்கும், பேட்டரியிலருந்து நேரா. சாவி போடோணும்னுகூட இல்ல. வருசக்கணக்கானாலும் அது பாட்டுக்கு வந்து காத்துட்டு இருக்கும். ஒரு தொடுப்புதான் பாக்கி. பட்டனை அமுத்துனா அந்த ஒயரு வண்டி பாடியத் தொடும், அதைத்தான் எர்த்துங்கறது. தொட்டதும் கத்திரும். பட்டனே வேண்டாம், எங்கயாவது ஒரு எடத்துல தோல் உரிஞ்சு தொட்டாலும் கத்தும். ஆக, எங்கயோ தொடுது. எங்க தொடுதுன்னுதான் பாக்கோணும்.

சூட்டுல தொடுதான்னு வெயில்ல போட்டுப் பாத்தேன். ஈரத்துல தொடுதான்னு தண்ணி ஊத்திப் பாத்தேன். கனத்துக்குத் தொடுதான்னு மயிலாத்தாளை ஏத்திக்கிட்டு ஒரு தடவை, எறக்கி உட்டுட்டு ஒரு தடவை. “நான் என்ன ஃபியூசா, போட்டுப் போட்டுக் கழட்டறீங்க”ன்னா. வாசல்ல நிறுத்தி ஒடிச்சா அடிக்காது, ஓடும்போதுதான் அடிக்குது. அதனால தெனம் பொழுதோட வண்டிய எடுத்துட்டு மெயின் ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். டெஸ்டிங். சில நாள் திருப்தியில்லைன்னா இன்னொருக்கா போயிட்டு வருவேன். “டெஸ்டிங்குக்கு எதுக்குங்க சட்டை மாத்தறீங்க”ன்னு மயிலாத்தா கேட்டா. ரோட்டுல போறமுல்ல, நாலு பேரு பாப்பாங்க.

அவனும் அந்த நேரத்துக்குச் சரியா போர்ட்டிகோவுல வந்து உக்காந்துக்குவான். வேலை இல்லாதவன்.

ஐப்பசிக்குள்ள கண்டுபுடிச்சுட்டேன். எடப்பக்கம் ஒடிச்சா மட்டும் பத்தாது. முன் சக்கரம் ஒரு மேட்டுல ஏறவும் வேணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா ஸ்டேரிங் தண்டு அசைஞ்சு ஒயரை நசுக்குது. ஊர்ல அப்படி ரெண்டும் சேர்ற எடம் ஒன்னே ஒன்னுதான், அவன் ஊட்டு முன்னால போட்டிருக்கற சிமெண்டுச் சரிவு. புதுமனைக்குப் போட்டது. ஆக, பாதிக் கோளாறு என்ற வண்டியில, பாதிக் கோளாறு அவன் வாசல்ல. நான் மட்டும் எதுக்குச் செலவு பண்ணி ரிப்பேர் பண்ணோணும்? அதனால அப்படியே உட்டு வெச்சேன்.

கார்த்திகையில ஒரு நாளு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நிச்சயம் பேச வந்திருந்தாங்க. எங்களைக் கூப்புடல. நாங்க சந்தைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். மொனையில பாத்தா அவங்க காரு ரோட்டை அடைச்சுட்டு நிக்குது, சரிவு மேல ஏறித்தான் போகோணும். லாரி ஹாரன் வேற. சம்பந்தி ஊட்டுக்காரங்க உக்காந்து புள்ளையப் பத்திப் பேசிட்டு இருக்கையில நான் போயி பாம்முன்னு அடிச்சா எப்படி இருக்கும்? பேச்சில்லைன்னாலும் அது என்ற புள்ளைதானுங்களே. வண்டிய மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வரலாம். ஆனா நடந்து போனா அவங்க ஊட்டை எட்டிப் பாக்கப் போன மாதிரி ஆயிரும். அதனால சாவியத் திருப்பி இஞ்சினை நிறுத்திட்டேன். நான் கதவுகிட்ட நின்னு ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கறேன், மயிலாத்தா பின்னால தள்ளறா. சத்தமில்லாம உருட்டிட்டுப் போயிரலாம்னு கணக்கு.

சாவி வேண்டியதில்லைன்னு இப்பத்தான் உங்களுக்குச் சொன்னேன். தெரிஞ்ச விசயந்தான். அந்த நேரத்துக்கு மறந்து போச்சு.

சக்கரம் சரிவுல பாதி ஏறுச்சு, நின்னு போச்சு. ஹாரன் ஆரம்பிச்சுது. ஓடற வண்டின்னா ஒரு தடவை கத்திட்டு நின்னுரும். இது நடுவுல மாட்டிக்கிச்சு, நிக்கவே இல்ல. தள்ளவும் முடியல, பின்னால உடவும் முடியல. மயிலாத்தா பின்னாலருந்து, “நிறுத்துங்க, நிறுத்துங்க”ங்கறா. நான் என்ன பண்ணட்டும்? ஊட்டுக்குள்ள இருந்தவங்க எல்லாரும் சன்னல்ல வந்துட்டாங்க.

திருமூர்த்தி வந்தான். பட்டுக்கரை வேட்டி, புதுச்சட்டை, நெத்தியில திருநீறு. வேட்டிய மடிச்சுக் கட்டுனான், மயிலாத்தாளை அக்கட்டால போகச் சொல்லிக் கைய காட்டுனான், வண்டிக்குப் பின்னால தோளைக் குடுத்தான். சக்கரம் சரிவு தாண்டி எறங்குச்சு, ஹாரன் நின்னுது. அதோட அவன் போயிருக்கலாம். போகல. இந்த வாசல் வரைக்கும் தள்ளிட்டே வந்தான். நான் முன்னால ஸ்டேரிங்கைப் புடிச்சுட்டு, அவன் பின்னால. அவன் மூச்சு வாங்கறது மட்டும் எனக்குக் கேட்டுது. சின்ன வயசுல அவனுக்கு இழுப்பு இருந்துது, இப்படித் தள்ளக் கூடாது. அதைச் சொல்லலாம்னு நெனச்சேன், சொல்லல.

இங்கதான், இந்தக் கேட்டுகிட்ட வந்து நின்னோம். அவன் கையத் தட்டிக்கிட்டு நிக்கறான். நானும் நிக்கறேன். மயிலாத்தா கேட்டைத் தொறந்து எங்க ரெண்டு பேரையும் பாத்து, “உள்ள வாங்க”ன்னா. அவன் என்னையப் பாத்தான். அவளைப் பாத்தான். சித்தெ நின்னான். அப்பறம் திரும்பி நடந்து போயிட்டான்.

அவனுக்குப் புத்தி இருக்குதுங்களா? அந்த வாங்க யாருக்கு? அவனுக்குத்தான். மயிலாத்தா எனக்கும் வாங்க போங்கதான், ஒத்துக்கறேன். ஆனா என்ற ஊட்டுக்கு என்னைய எதுக்கு அவ வாங்கன்னு கூப்புடறா? சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். தனியாப் பேரைச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வருவேன்னு நின்னா அது வீம்பு இல்லீங்களா? வீம்பு புடிச்ச பய. வான்னு நீங்க சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வாயில வந்துதுங்க. ஆனா மயிலாத்தா சொல்லிட்டாளே. ஒரு ஊட்டுல எத்தனை பேரு கூப்புடறது?

இதையேதான் மயிலாத்தாகிட்டயும் சொன்னேன். அவ கேட்டுத் தாப்பாளைப் போட்டுட்டு, “ஆறு வருசம் கழிச்சு இன்னைக்காவது கோளாறு எங்கன்னு தெரிஞ்சுதே”ன்னா. “இல்ல புள்ள, ஒயர் தொடற எடம் இன்னும் சரியாத் தெரியல, தண்டைக் கழட்டித்தான் பாக்கோணும்”னேன். அவ உள்ள போயிட்டா.

அதோட எனக்கும் ரோசம் வந்துருச்சு. மறுநாள் வெடியால ரபீக் பாய்கிட்டப் போயி, எத்தனை நேரமானாலும் சரி, தண்டைக் கழட்டுன்னு உக்காந்துட்டேன். கழட்டுனான். நான் சொன்னது சரிதான், ஒயர்ல நகத்தளவு தோல் உரிஞ்சு செம்பு மின்னிட்டு இருக்குது. டேப் சுத்தி மாட்டி உட்டான். கடையிலயே பட்டனை அமுத்திப் பாத்தோம், அடிச்சுது. முழுசா ஒடிச்சு ஒரு செங்கல்லு மேல ஏத்திப் பாத்தோம், அடிக்கல. சுத்தமாச் சரியாப் போச்சு.

பொழுதோட மொனைக்கு வந்தேன். என்ற வண்டிச் சத்தம் அவனுக்குத் தெரியும். பேப்பரை மடிச்சுக் கீழ வெச்சான். எந்திரிச்சான். ஒடிச்சேன், சரிவுல ஏறுனேன், எறங்குனேன். ஒரு சத்தமும் இல்ல. அவன் நின்னுட்டே இருந்தான். நான் கண்ணாடியில பாத்தேன், நான் இங்க வந்து வண்டிய நிறுத்தற வரைக்கும் அவன் நின்னுட்டுத்தான் இருந்தான். மறுநாளும் அப்படித்தான். அதுக்கப்பறம் அவன் அந்த நேரத்துக்கு வெளிய வந்து உக்கார்றதில்ல.

தாரணி போன் பண்ணுச்சு. அது எப்பவாவது பேசும், அவங்கப்பனுக்குத் தெரிஞ்சுதான் பேசும். “பெரியப்பா, அப்பா கேக்கறாரு, ஏன் ஹாரன் அடிக்கறதில்லைன்னு. தள்ளி உட்டதுக்குக் கோவமான்னு கேக்கறாரு.” எப்படி இருக்குது பாருங்க. அடிச்சா கூப்புட்டேன்னு அர்த்தம், அடிக்காட்டிக் கோவிச்சுட்டேன்னு அர்த்தம். நடுவுல ஒரு ஒயரு இருக்கறது யாருக்கும் தெரியல. “கோவமெல்லாம் இல்ல சாமி, ரிப்பேர் பண்ணியாச்சு”ன்னேன். “ஓ, சரி பண்ணிட்டீங்களாங் பெரியப்பா”ன்னு வெச்சுட்டுது.

பத்திரிகை ஊர் முச்சூடும் குடுத்துட்டான். பால் ஊத்தறவருக்குக் குடுத்துட்டான். இங்க வரல. வண்டி விக்கறேன்னு அப்பத்தான் போர்டு எழுதிப் போட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வயசாச்சு, முட்டிவலி, வண்டி எதுக்கு?

சரி, பேசிட்டே இருந்தா ஆகாது, ஒரு ரவுண்டு போலாம். ஓட்டிப் பாக்காம யாரு வண்டி வாங்குவாங்க? நீங்களே ஓட்டுங்க. இருங்க, சட்டைய மாத்திக்கிட்டு வந்தர்றேன். ரோட்டுல போறமுல்ல.

ம், போலாம். மயிலாத்தா, கேட்டைச் சாத்தாத, வந்தர்றோம். கிளட்சை மெதுவா உடுங்க. அப்படித்தான். பல்லடத்துல டிராபிக்ல ஓட்டறவருக்கு இதெல்லாம் சொல்லவேண்டியதில்ல. மெயின் ரோட்டுல போயி, பிள்ளையார் கோயிலைச் சுத்தித் திரும்பிக்கலாம். இஞ்சின் சத்தம் எப்படி இருக்குது? பட்டாட்டம் இருக்குதுங்களா? இருக்கும்.

ஏனுங்க, ஒரு சின்ன உதவி. திரும்பி வரும்போது அந்தப் பச்சைக் கேட்டுகிட்ட ஹாரனை ஒருக்கா அடிச்சுப் பாத்துருங்க. மொதல்ல நாந்தான் வேண்டாமுன்னேன், இப்ப நாந்தான் சொல்றேன். வண்டி வாங்கறவரு அடிச்சுப் பாக்கோணுமில்ல. வேற எங்கயும் வேண்டாம், அங்க அடிச்சாப் போதும். நீங்க அடிச்சா நான் கூப்புட்டதா ஆகாது பாருங்க. சத்தம் கேட்டு அவன் எந்திரிச்சு வந்தான்னா, அது அவனா வந்தது. எனக்கும் மரியாதைக் கொறைச்சல் இல்ல, அவனுக்கும் இல்ல.

இதா, மொனை வந்துருச்சு. போர்ட்டிகோவுல ஆளில்ல. பந்தலுக்கு மூங்கிலு கொண்டாந்து போட்டிருக்கறாங்க, அது மேல ஏத்திராதீங்க. ஒடிங்க. இன்னும் ஒடிங்க, முழுசா. பாத்தீங்களா, தானா அடிக்கல, கோளாறு இல்ல. இப்ப அடிங்க.

அடிங்க.

அமுத்துனீங்களா? நடுவுல அமுத்துங்க. நல்லா, கையூனி. தள்ளுங்க, நான் அமுத்தறேன்.

சத்தமே வரல.

கடையில அடிச்சுதுங்க. என்ற கண்ணு முன்னால அடிச்சுது. டேப்பை அளவுக்கு மேல எச்சாச் சுத்திட்டான்னு நெனைக்கறேன், பட்டனுக்குப் போற ஒயரே உட்டுப் போச்சு. வேணுங்கறப்ப அடிக்காது, வேண்டாங்கறப்ப அடிக்கும். உட்டுருங்க. கைய எடுங்க. வண்டிய எடுங்க, ஊட்டுக்குப் போயிரலாம். ஏன் நிறுத்திட்டீங்க?

எங்க?

ஆமா. அவந்தான். அந்தப் பக்கம் பாக்காதீங்க, நேரா ரோட்டைப் பாருங்க. ஹாரனே அடிக்கலியே, இவன் எதுக்கு வர்றான்? வேட்டிய எறக்கி உட்டுட்டு வர்றான். நெம்ப எளைச்சுட்டான். கேட்டைத் தொறக்கறான். ரெண்டு கதவையும் தொறக்கறான் பாருங்க.

“வாங்க”ங்கறான்.

கேட்டுச்சுங்களா? ஒரே ஒரு வாங்க. அண்ணான்னு சேக்கல. உங்களைப் பாத்துச் சொன்ன மாதிரியும் இருக்குது, என்னையப் பாத்துச் சொன்ன மாதிரியும் இருக்குது. உங்களை யாரோ ஒறம்பரைன்னு நெனச்சிருப்பான்.

ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான், எப்பவும் சேத்து ஒன்னாத்தான் சொல்லுவான்.

எறங்குங்க. சாவி அதுலயே இருக்கட்டும். ஒருத்தன் வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்ன பொறகு உள்ளயே உக்காந்திருந்தா நல்லா இருக்காது. நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வர்றேன்.